ஒத்திகைத் தளத்து அண்ணாச்சி

ஆயத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருச்செந்தூர் போக வேண்டுமென்றால் யார் ஜன்னலோரம், யார் கையில் தண்ணீர் பாட்டில், வெயிலடித்தால் என்ன செய்வது, மழையடித்தால் எங்கே ஒதுங்குவது என்று பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விட, "நல்லவேளை, அவசரப்பட்டு ஏறல" என்று ஆறுதல் அடைகிறவர். சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். அவரைப் போல உழைக்கிறவர் கிடையாது. வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துவிடுவார்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அப்பளச் சங்கத்துக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். பெண்கள் சங்கம்தான். செயலாளர் மட்டும் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி. சங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைட் உண்டு. அதிலிருக்கும் போன் நம்பர் செத்துப்போய் நெடுநாளாயிற்று. மாற்றலாமென்றால் அதைக் கட்டிக்கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார். ஆகவே பாளையங்கோட்டையிலிருந்து பெர்லின் என்ற பெண் வந்து புது ஏற்பாடு செய்தாள். இனி நாங்களே படம் போடலாம், நாங்களே விலை மாற்றலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

"நம்பரை மட்டும் இப்பவே மாத்திருவோமா அண்ணாச்சி? டீ ஆறுததுக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள்.

அண்ணாச்சி சிரித்தார். "பைய, பைய. மொதல்ல சங்கம் தயாராவணும்லா?"

தயாரானோம். யார் எழுதுவது, எழுதியதை யார் பார்ப்பது, பார்த்தவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று யார் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு குழு. எழுத்தே தெரியாத நானும் ஒன்றில் இருந்தேன். பிழை திருத்தும் குழு. உளுந்தப்பளத்தின் படம் முன்னால் வருவதா, அரிசி அப்பளத்தின் படமா என்று ஒரு கூட்டம். அதில் கோபித்துக்கொண்டு போன ஆவுடைத்தாயைச் சமாதானப்படுத்த இன்னொரு கூட்டம். பெண்கள் எதையாவது தொட்டுக் கெடுத்துவிட்டால்? அதற்காக வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத ஒத்திகைத் தளம் ஒன்றைத் திறக்கச் சொன்னார் அண்ணாச்சி. அதில் பழகினோம். படங்கள் போட்டோம், விலை போட்டோம், புது நம்பரும் போட்டோம். அவர் ஒவ்வொரு பக்கத்தையும் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். வெப்சைட்டுக்கு ஸ்டாம்பு குத்திய சங்கம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

இதற்குள் புரட்டாசி பாதி போய்விட்டது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அப்பளம் காயாது. எங்களோடு அப்பளம் இடுகிற இசக்கித்தாய்க்கு அதுதான் கவலை. மழைக்கு முன் வெளியூர் ஆர்டர் வராவிட்டால், கைப்பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயாக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்தாள். மேசையில் பெர்லினின் லேப்டாப் திறந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மதுரைக்காரங்க பாத்தா எது தெரியும்? நாம போட்டதா, பழசா?"

"பழசுதாம்மா."

"அப்ப இம்புட்டு நாளும் நாம யாருக்குக் காட்டிக்கிட்டு இருந்தோம்?"

"நமக்குத்தான்! ஒத்திகைன்னா வேற என்னளா?"

ஆவுடைத்தாய் விடுவாளா? "மாப்பிள்ளை அழைப்பே இன்னும் முடியல போல. தாலியை எப்ப கட்டுவீய அண்ணாச்சி?"

சிரிப்பு அடங்கியதும் பெர்லின் சொன்னாள்: "வெளிய விடுததுக்கு இந்தா, இந்த ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும்."

"அமுக்கலாம். தப்பே இல்ல. யாரு அமுக்குததுன்னு முடிவு பண்ண ஒரு குழு…"

"அமுக்கியாச்சு" என்றாள் இசக்கித்தாய்.

அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏம்மா பெர்லின், திருப்பி எடுக்க முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி. அதுக்கு ஒரு குழு போடுங்க."

இரண்டொரு நாளில், நாங்கள் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது, அண்ணாச்சியின் சட்டைப் பையிலிருந்த சங்கத்துப் போன் அடித்தது. எடுத்தார். "ஆமா, சங்கம்தான் பேசுதேன். மதுரையா? அப்பளமா? சந்தோசம். ஆனா நாங்க இன்னும் முழுசாத் தயாராவல பாத்துக்கிடுங்க. தீவாளி கழிஞ்சு ஒரு வார்த்தை…"

இசக்கித்தாய் மாவுக் கையோடு போனைப் பிடுங்கினாள். "அவுகதான் தயாராவல. அப்பளம் தயாரா இருக்கு. எம்புட்டு வேணும், சொல்லுங்க."

திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது. அண்ணாச்சிக்கு அவள்மேல் வருத்தமெல்லாம் கிடையாது. தங்கமான மனுஷர். போனில் பேசுவது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்க, அன்று சாயங்காலமே ஒரு குழு போட்டுவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்று உங்கள் பரண்மேல் புது மிக்சி எதுவும் இல்லையே? அட, நாமும் இப்படித்தானோ, வருகிற மாதத்திலிருந்து மாறிவிட வேண்டும், அதற்கு முன் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா? அப்படியானால் அண்ணாச்சியின் குழுவில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. இப்போதே கிளம்பி வந்துவிடாதீர்கள். நாற்காலி தயாரானதும் சொல்லியனுப்புவார்.