கெடிலத்தில் நெஞ்சளவுப் பள்ளம்

பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தான் செய்த கருவியைக் குறை சொன்னால் எந்த இன்ஜினீயருக்கும் பொறுக்காது.

என் கருவி கெடிலம் பாலத்துத் தூண் ஒன்றில் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, தூணடியில் மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்கும். மண் திடீரென இறங்கினால் என் போனில் சைரன் அலறும். அண்ணாமலை நகர் டீக்கடைக்காரர்வரை எல்லாருக்கும் இதை விளக்கியிருக்கிறேன் (யாரும் கேட்டதில்லை).

என் நிச்சயதார்த்தத்தன்று காலை அது அலறியது. தூணடியில் நெஞ்சளவுப் பள்ளம்! நெடுஞ்சாலை அதிகாரிக்குப் போன் போட்டுப் பாலத்தை அடைக்கச் சொன்னேன். பட்டுப்புடவையோடு தாய்மாமாவின் பைக்கில் ஏறினேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் மாட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஆத்துத் திருவிழாம்மா! தண்ணி கம்மின்னு சாமி தீர்த்தவாரிக்குப் பள்ளம் வெட்டியிருக்காங்க. வருஷா வருஷம் இங்க வந்து கிழங்கு வாங்கித் தின்னவதானே நீ?"

தின்றவள்தான். கணுக்கால் தண்ணீரில் அரிப்பு வராது என்றும் படித்தவள்தான். ஆனால் பிள்ளை அழுதால் யாருக்குப் பாடம் ஞாபகம் வரும்?

"இடுப்பளவுதான் வெட்டுனாங்களாம் மேடம். உங்க மிஷின் தப்பா காட்டுது, கழட்டிடலாம்" என்றார் பாலத்தை அடைக்க வந்திருந்த அதிகாரி. நிச்சயம் நின்றிருந்தாலும் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்குள் பொறுமையிழந்த மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, நிச்சயப் புடவைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். சாமி இன்னும் வந்து சேரவில்லை, பள்ளத்தருகே தடுக்க ஆளில்லை. தூணை நெருங்கியவர் தொபுக்கென்று உள்ளே போனார். தட்டு நனையவில்லை. தண்ணீர் சரியாக அவர் நெஞ்சில் நின்றது.

"பாத்தீங்களா சார்! நெஞ்சளவு! நெஞ்சளவு!" என்று பாலத்தின் மேல் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். மாமாதான் ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டார். அதிகாரி கழட்டுகிற பேச்சை அதன்பிறகு எடுக்கவே இல்லை.

ஈர வேட்டியோடு நிச்சயம் நடந்தது. தீர்த்தவாரி முடிந்ததும் பள்ளத்தை மூடவைத்தேன். அதன்பின் வெள்ளம் வந்தபோதெல்லாம் என் கருவி சொன்னதைக் கேட்டுத்தான் பாலத்தைத் திறந்தார்கள், அடைத்தார்கள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

என் கணவருக்கு என்னைவிடப் பெருமை. விருந்தாளி யார் வந்தாலும் பாலத்துக்குக் கூட்டிப்போய்த் தூணைக் காட்டுகிறார்.

"இது கரெக்டா அளக்குதான்னு உள்ள எறங்கி டெஸ்ட் பண்ணவன் நான்தான். நான் முழுகிட்டிருக்கேன், இவ கை தட்டுறா!"