படத்தில் இல்லாத பள்ளம்

மேலேயிருந்து பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அண்ணாந்தபடியே நடப்பார், கேட்டால், செயற்கைக்கோள் இப்போது நம் தலைக்கு மேலேதான் போகிறது என்பார்.

நம்மவருக்கு உத்தியோகமே, எங்கே நிலம் உள்வாங்குகிறது என்று விண்ணிலிருந்து கண்காணிப்பது. போன மாதப் படத்தின் மேல் இந்த மாதப் படத்தைப் போட்டு, நகக்கண் அளவு தரை இறங்கியிருந்தாலும் சிவப்புப் புள்ளி வைத்து, அந்த ஊருக்குத் தகவல் சொல்லி, பல பேரைக் காப்பாற்றியிருக்கிறார். அதை மறுப்பது பாவம். ஆனால் பத்திரிகையில் "திடீர்ப் பள்ளம்" என்று போட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"திடீராவது மண்ணாவது! நிலம் மாசக்கணக்கா சொல்லிக்கிட்டேதான் இருக்கும். கேக்கத்தான் ஆளில்லை!"

மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் இன்னொருவரும் உண்டு. அவர் மனைவி.

"வாசல் கேட்டுக்குப் பக்கத்துல மண்ணு இறங்குதுங்க. ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க, அதுக்குள்ள ஆளைக் கூப்பிட்டு சரி பண்ணுங்க."

"படத்துல சிவப்பே இல்லையேம்மா."

"எட்டித்தான் பாருங்களேன்!"

எட்டிப் பார்ப்பதா? படித்த மனுஷன் செய்கிற வேலையா அது? மொட்டை மாடிக்குப் போய் ட்ரோனைப் பறக்கவிட்டார். இடத்தைக் காட்ட, மனைவி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பள்ளத்தருகே நின்றாள்.

"ஆமா, கறுப்பா, வட்டமா ஒண்ணு தெரியுது. ஆனா நகருதே! பள்ளம்னா நகராதே!"

"அது என் குடைங்க!"

"அப்போ பள்ளம் இல்லை," என்று தீர்ப்புச் சொல்லி இறங்கிவிட்டார். எதற்கும் அடுத்த முறை செயற்கைக்கோள் வரட்டும் என்று இருந்துவிட்டார்.

அதற்கு முன் மாமியார் வந்துவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். விட்டுவிட்டார், பாவம். முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. அலறல் கேட்டு ஓடிவந்த நம்மவர் நெஞ்சு பதறியது நிஜம். பழக்கம் மட்டும் விடுமா?

"அத்தை, அசையாதீங்க! அசைஞ்சா பழைய படத்தோட ஒப்பிட முடியாது!"

"மாப்பிள்ளை, முதல்ல கையைக் குடுங்க. படத்தை அப்புறம் பிடிக்கலாம்."

கணவனும் மனைவியுமாகத் தூக்கிவிட்டார்கள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. நம்மவர் வெட்கத்தோடு, "திடீர்னு இப்படி..." என்று ஆரம்பித்தார். மனைவி பார்த்த பார்வையில் மீதி வார்த்தை உள்வாங்கிவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்காமல் கைபேசியைத் திறப்பவர் நீங்கள்தானே? அது போகட்டும். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறதே, எழுந்து போய் என்னவென்று கேளுங்கள். போகும்போது கொஞ்சம் தரையைப் பார்த்து நடங்கள்.