ஏழு பேர் படுக்க இடம்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. அதில் அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும்.

சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். 1959 நவம்பரில், பூண்டுலோயா டவுன் ஓரத்தில், என் குடும்பத்தார் ஏழு பேரை வரிசையாக அடக்கம் செய்தேன். அந்த ஏழில் நானும் ஒருவன். அரை அங்குலம் பிசகவில்லை.

அப்பா மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அந்த டிசம்பரோடு அவருக்கு ஓய்வு. ஜனவரி முதல் தேதி புதுக் கணக்கப்பிள்ளை பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடுவார். நாங்கள் குடியிருந்த வீடு தோட்டத்துடையது. பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வந்த வருடம் அப்பா டவுன் ஓரத்தில் பத்துப் பேர்ச் நிலம் வாங்கியிருந்தார். அதில் வீடு கட்ட ஊர்ச் சபையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால், வேலை முடியும்வரை, அதாவது சித்திரை வரை, பழைய வீட்டிலேயே இருக்கலாம் என்று தோட்டத் துரை சொல்லியிருந்தார். கடிதம் கிடைக்காவிட்டால் குடும்பம் சிதறும். அம்மாவும் இரட்டைத் தம்பிகளும் கினிகத்தேனையில் மாமாவின் கடைக்குப் பின்னால் இருந்த சாக்கு அறைக்கு, அத்தையும் தங்கை கமலமும் தூரத்து உறவினர் வீட்டுக்கு, அப்பாவும் நானும் எங்கேயாவது. (அந்த ‘எங்கேயாவது’ என்ற இடத்தை நான் வரைபடத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன்.)

வீட்டுக்குத் திட்டம் வரைகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர். வாசிகசாலையில் இருந்த புத்தகங்களில் முக்கால்வாசியைப் படித்து முடித்திருந்தேன். நாட்குறிப்பு எழுதாமல் தூங்கியதில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு குடும்பத்தை ஒப்படைக்கக் கூடாது.

சபையின் விதிகள் கடுமையானவை. ரோட்டிலிருந்து இவ்வளவு அடி விட வேண்டும், ஓடையிலிருந்து இவ்வளவு, தேயிலை எல்லையிலிருந்து இவ்வளவு, பின்பக்கச் சரிவிலிருந்து இன்னும் அதிகம். எல்லாம் விட்ட பிறகு நிலத்தின் நடுவில் இருபத்திரண்டு அடிக்குப் பதினெட்டு அடி எஞ்சியது. அதற்குள் படுக்கிற ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று இன்னொரு விதி. இரண்டு படம் வரைந்து கொடுத்தேன். இரண்டும் திரும்பி வந்தன. கடைசியில் கட்டட வேலைகளை மேற்பார்க்கிற சபை ஓவிசியர், படத்தை நம்ப முடியாது, ஏழு பேர் எங்கே படுப்பார்கள் என்று நிலத்திலேயே குறித்துக் காட்டினால் நேரில் வந்து பார்ப்பேன், வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணி என்று சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த புதன்கிழமை சபைக் கூட்டம். அதை விட்டால் ஜனவரிதான்.

நிலத்தில் குறிக்க வேண்டுமென்றால் ஆட்களின் அளவு வேண்டும். நிற்கிற மனிதன் விறைத்து நிற்கிறான், தூங்கும்போதுதான் அவனுடைய உண்மையான நீளம் வெளிப்படுகிறது என்று நானே ஒரு கொள்கை வகுத்தேன். (எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடே அயர்ந்து கிடந்தது. வெளியில் பனிமூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒவ்வொருவராக உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒருவர் இறந்துவிட்டால், குழி வெட்டுகிறவர் கயிற்றோடு வருவார். தலையிலிருந்து கால் வரை பிடித்து, முடிச்சுப் போட்டு, யாரிடமும் பேசாமல் வெளியே போய்விடுவார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு நினைவே வரவில்லை.

அப்பாவின் குதிகாலில் முடிச்சுப் போடும்போது அவர் கண்ணைத் திறந்தார். கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அஞ்சடி ஏழங்குலம்ப்பா” என்றேன் சந்தோஷமாக.

“சரி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மூன்று நாட்கள் அப்பா விசித்திரமாக நடந்துகொண்டார். கமலத்தைக் கூப்பிட்டு எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு என்று காட்டிக் கொடுத்தார். ஆறு வருடமாகப் பேசாதிருந்த ஒரு கங்காணியின் வீட்டுக்குத் தானாகவே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். தன் நல்ல கம்பளிக் கோட்டைத் தம்பிகளில் ஒருவன் மேல் வைத்து, இன்னும் எவ்வளவு வளர வேண்டும் என்று பார்த்தார். அம்மா உப்புக் குறைவாகப் போட்ட குழம்பையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். என் நாட்குறிப்பில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘அப்பா மிக அமைதி. வீடு வரப்போகிற மகிழ்ச்சி என நினைக்கிறேன்.’

அத்தையின், அதாவது அப்பாவின் தங்கையின், கதை வேறு. என் கயிறு பட்டபோது அவர் தூங்கவில்லையாம். குளிர்ந்த ஏதோ ஒன்று உச்சியில் தொடங்கிக் குதிகால்வரை ஊர்ந்து போனது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு மூட்டைச் சுண்ணாம்போடு நிலத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் முடிந்ததுமே மூட்டம் இறங்கியிருந்தது. என் கையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கயிற்று முடிச்சுகளை வைத்து ஏழு பேரையும் சுண்ணாம்புக் கோடாக இழுத்தேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதால் எல்லாத் தலையும் தெற்குப் பக்கம். (புதைக்கும்போதும் தெற்கேதான் தலை.) இடத்தை மிச்சப்படுத்த, தோள் வருமிடத்தை அகலமாகவும் கால் வருமிடத்தை ஒடுக்கமாகவும் போட்டேன். எது யாருடைய இடம் என்று ஓவிசியருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறுத்து, மழைத்தண்ணீர் வழிந்து போகட்டும் என்று மேல்பக்கத்தை வளைவாகச் சீவி, ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒன்றை நட்டேன்.

பலகையில் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர். அதற்குக் கீழே, இரண்டு வருடங்கள். பிள்ளைகள் வளர்வார்கள், அதற்கும் இடம் விட்டிருக்கிறேன் என்று சபைக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் பிறந்த வருடத்தைப் போட்டு, ஒரு கோடு இழுத்து, வளர்ச்சி முடிகிற வருடத்தையும் போட்டேன். பதினெட்டு வயதில் வளர்ச்சி முடிகிறது என்று கணக்கு. தம்பிகளுக்கு 1950 – 1968. கமலத்துக்கு 1943 – 1961. எல்லோருக்கும் ஒரே முறையாக இருக்கட்டும் என்று பெரியவர்களுக்கும் போட்டேன். எனக்கு 1936 – 1954. அப்பாவுக்கு 1901 – 1919.

எகிப்து அரசர்களின் கல்லறைகளைப் பற்றிப் படம் போட்ட புத்தகமே படித்திருக்கிறேன். அப்போதும் உறைக்கவில்லை. போகும்போது திரும்பிப் பார்த்தேன். மூட்டத்துக்குள் ஏழு வெள்ளை வடிவங்கள், மண்ணுக்கு ஒரு சாண் மேலே மிதப்பது போலத் தெரிந்தன. மனசு நிறைந்தது.

வியாழக்கிழமை காலை அப்பாவும் நானும் கிளம்பினோம். அடுப்படி எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க அத்தையும் கூடவே வந்தார். நிலத்தை நெருங்கும்போதும் மூட்டம் கலையவில்லை. முதலில் கற்பூர வாசம் வந்தது. பிறகு ஒரு பெண் விசும்புகிற சத்தம்.

பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். எங்களுக்கு முகம் தெரியாதவர். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு தலைமாட்டிலும் ஆளுக்கொரு செவ்வந்திப்பூ வைத்திருந்தார். தம்பிகள் இருவருக்கும் மட்டும் இரண்டிரண்டு.

“மண்ணு சரிஞ்சிருச்சாங்க?” என்று அப்பாவிடம் கேட்டார். “ஒரே குடும்பமா இருக்கும்போல. ரெண்டு சின்னதும் ஒரே அளவுங்க. ரெட்டைப் புள்ளைக போலிருக்கு, பாவம்.”

அப்பா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து, ஒவ்வொரு பலகையாகக் குனிந்து படித்தார். தன் பலகைக்கு முன்னால் அதிக நேரம் நின்றார்.

“தம்பி” என்றார் மெதுவாக. “நான் செத்து நாப்பது வருஷம் ஆச்சாப்பா?”

அதற்குள் அத்தை தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பயந்து அலறுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்துப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏன்டா, செத்தும் அண்ணிக்குப் பக்கத்துலதான் எனக்கு எடமா?” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் ஓவிசியர் வந்து சேர்ந்தார். ரோட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்தவர், மூட்டத்துக்குள் சரியாக என் இடத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். காலை மெல்லத் தூக்கி வெளியே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

“மொனவாத மே?” என்று சிங்களத்தில் கேட்டார். இதெல்லாம் என்ன என்று.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், வளர்ச்சி விகிதத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். பக்கத்தில் அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஓவிசியர் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணால் கண்டதை எழுத வேண்டியது அவருடைய வேலை. புதைத்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடையாது, இது எல்லாவற்றிலும் கடுமையான விதி என்றார். அப்பா அவரோடு தனியாகப் போய் நின்று பேசினார். கடைசியில் ஓவிசியர் ஒரு வழி சொன்னார்: ஏழு கோட்டுக்குள்ளும் நாலடி ஆழம் தோண்டி வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பேன், உள்ளே யாரும் இல்லையென்றால் சரி.

தோண்ட ஆள் கிடைக்கவில்லை. சேதி அதற்குள் தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாகப் போயிருந்தது. தோட்டத்தில் குழி வெட்டுகிறவரிடமே அப்பா போய்க் கேட்டார். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “உசுரோட இருக்கவங்களுக்கு வெட்ட மாட்டேங்கய்யா. வேற எது வேணும்னாலும் சொல்லுங்க” என்றாராம். ஆகவே எங்கள் குழிகளை நாங்களே தோண்டினோம். தம்பிகளுடையதைத் தோண்டுவதை அம்மா பார்க்கக் கூடாது என்று அவற்றை முதலிலேயே, சனிக்கிழமை, நானும் அப்பாவும் முடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தன்னுடையதில் இறங்கினார். நான் அடுத்ததில். நெஞ்சளவு ஆழம் வந்தபோது மூட்டம் குழிகளுக்குள்ளும் இறங்கி நிரம்பியது. மண்வெட்டிச் சத்தம் நின்றது. அப்பாவின் குரல் மட்டும் மண்ணுக்குள்ளிருந்து வந்தது.

“டிஸ்பென்சர் ஒங்கிட்டதான் சொன்னாரா?”

“என்னது?”

“என் நெஞ்சு சங்கதி.”

நான் மண்வெட்டியை வைத்தேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றேன்.

“அப்ப எதுக்குக் கயிறு புடிச்ச?” என்றார். மண்ணில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, “நீ நெறையப் படிச்சவன். ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். வீடு முடியிற வரைக்குமாச்சும் தாங்குமான்னு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். கேக்க வாய் வரல” என்றார்.

அந்த மூன்று நாட்கள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. சாவிகள், கங்காணி வீட்டுத் தேத்தண்ணி, கம்பளிக் கோட்டு. என் நாட்குறிப்பில் ‘மகிழ்ச்சி’ என்று எழுதிய பக்கம்.

“படுக்கைக்குத்தாம்ப்பா அளந்தேன்” என்றேன். “நீங்க தூங்குனா எவ்வளவு எடம் வேணும்னு பார்த்தேன்.”

பிறகு பக்கத்துக் குழியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அப்பா அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. நானும் சிரித்தேன், அல்லது அழுதேன், இரண்டும் அந்த ஆழத்தில் ஒன்றாகவே கேட்கும். மேலே ரோட்டில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள், ஆளே தெரியாத மூட்டத்தில், மண்ணுக்கு அடியிலிருந்து இரண்டு ஆண்கள் சிரிப்பதைக் கேட்டிருக்கிறார்கள். ஓடுகிற காலடிகள் எங்களுக்குக் கேட்டன. மேலே ஏறி வந்து பார்த்தபோது ஒரு கூடை நிறைய மரக்கறி ரோட்டில் கிடந்தது. யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓவிசியர் வந்தார். ஏழு குழியிலும் எட்டிப் பார்த்தார். கல், வேர், செம்மண். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். மறுநாள் கூட்டத்தில் அனுமதி கிடைத்தது. வீட்டுத் திட்டத்தை அப்பாவே செருப்புக்காலால் மண்ணில் கோடு கிழித்துச் சொன்னார்: ஒரு பெரிய கூடம், ஒரு சின்ன அறை, ஒரு அடுப்படி. யார் எங்கே படுப்பது என்று யாரும் எழுதக் கூடாது.

சித்திரைக்கு முன்பே குடிவந்தோம். குழிகளை நிரப்பி அவற்றுக்கு மேலேதான் கூடத்தைக் கட்டியிருந்தோம். முதல் பெருமழைக்கே சிமெந்துத் தரை ஏழு இடங்களில் விரல் கனத்துக்கு இறங்கியது. ஒவ்வொன்றும் தோள்பக்கம் அகலம், கால்பக்கம் ஒடுக்கம். எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மழைக்கு மறுபடியும் தெரியும். அப்பா அதற்கு மேல் பாய் விரித்து, பதினாறு வருடம் நிம்மதியாகத் தூங்கினார். வேண்டுமென்றே என் இடத்தில்தான் படுப்பார்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. நான் ஒரு அறைக்குள் நுழைந்தால், அங்கே படுத்திருக்கிற யாராக இருந்தாலும், காய்ச்சல்காரர் உட்பட, சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். கமலத்தின் பேத்திகளுக்குக்கூட இது சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. போன வருடம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இதைக் கவனித்துவிட்டு, பெரியவருக்கு இந்த வீட்டில் எவ்வளவு மரியாதை என்று வியந்து போனார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை.