தோள்பட்டை மாட்ட நான் வருவதாக இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம். நான் நலமில்லை. அதற்குக் காரணமான நீ நலமாகத்தான் இருப்பாய் என்பதால் விசாரித்து இடத்தை வீணாக்கவில்லை.

தாவரவியல் பட்டம் வாங்கி, பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்த என் பெண்ணிடம், கடற்படை அதிகாரிப் பயிற்சி விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து நீட்டியவன் நீ. “சும்மா எழுதிப் போடட்டும் அத்தான், எடுக்கவா போறாங்க?” என்றாய். எடுத்துவிட்டார்கள். அப்போதும் நான் கலங்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவளைக் கடற்படை என்ன செய்யும், ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிடும் என்று அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக் காத்திருந்தேன். வாரம் போயிற்று, மாதமும் போயிற்று, ஆளைக் காணோம். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது என்று பயிற்சிக் கல்லூரித் தலைவி அம்மாளுக்கு மரியாதையாக எழுதினேன்: என் மகளுக்குத் தண்ணீர் என்றால் பயம், தாங்கள் ஏமாந்துவிடக் கூடாது. ஒரே வரியில் பதில் வந்தது: “தகவலுக்கு நன்றி. ஆவன செய்யப்பட்டது.” உடனே அவள் பெட்டியைத் தூக்கி வர ரயிலடிக்குப் புறப்பட்டுவிட்டேன். அவர்கள் செய்த ஆவன என்ன தெரியுமா? தினமும் எல்லோருக்கும் முன்னால் அவளை நீச்சல் குளத்தில் தள்ளிவிட்டார்கள். இப்போது அந்த வகுப்பில் அவளைத் தாண்டி நீந்த ஆளில்லையாம்.

விட்டேனா? காலையில் பத்துத் தடவை கூப்பிட்டாலும் எழமாட்டாள் என்று அடுத்த கடிதம் போட்டேன். விடுதி முழுவதையும் விசில் ஊதி எழுப்பும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அவள் பேசினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது, அதிகாரி வேலைக்குச் சரிப்படாது என்று எழுதினேன். மைதானத்தில் அணிவகுப்புக்கே கட்டளை போட வைத்துவிட்டார்கள். போன வாரம் போனில் “அப்பா!” என்றாள் பார், என் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் கடையை விட்டே இறங்கிவிட்டார். உன் அக்காவுக்கோ ஒரே சிரிப்பு. “இன்னும் ஒரே ஒரு லெட்டர் போடுங்க, கப்பலையே அவ கையில குடுத்துடுவாங்க” என்கிறாள். இந்த வீட்டில் எனக்கென்று பேச ஒரு ஆள் உண்டா சொல்லு!

இப்போது அழைப்பிதழ் வந்திருக்கிறது. பதவியேற்கிற அன்றைக்குப் பெற்றோர் இருவரும் போய், ஆளுக்கொரு தோளில் அதிகாரிப் பட்டையை மாட்டிவிட வேண்டுமாம். அதை மாட்டிவிட்டால் பிறகு கடலுக்குத்தான்; நான் நினைத்தபோது கூப்பிட முடியாது, அவள் நினைத்தபோது வரவும் முடியாது. பெண்ணை அனுப்பிவிட்டுத் தவிக்கிற தகப்பனே அதை மாட்டிவிட்டு, பல்லைக் காட்டிப் போட்டோவுக்கும் நிற்க வேண்டுமாம். என்னால் ஆகாது. ஆரம்பித்து வைத்தவன் நீ, நீயே போய் மாட்டு. நான் வருவதாக இல்லை. இது என் கடைசி முடிவு.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உனக்கு என் ஆசி உண்டு, கோபம் ஆறிய பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவள் போன் செய்தாள். நான் வரப்போவதில்லை என்றதும் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. “பரவால்லப்பா. உங்க லெட்டருக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒரு மாசத்துக்கு மேல தாங்கல, ஓடி வந்துடலாம்னு பெட்டியக் கட்டிட்டேன். அப்பதான் மேடம் உங்க முதல் லெட்டரைப் படிச்சுக் காட்டி, ‘அப்பாவே சொல்லிட்டாரு, உனக்கு எது கஷ்டம்னு. முதல்ல அதைப் பாத்துடலாமா?’ன்னாங்க” என்றாள். என் பெண் கப்பல் ஏறுவதற்கு நீகூடக் காரணமில்லை மாப்பிள்ளை, நான்தான். உன் அக்கா டிக்கெட் எடுத்துவிட்டாள். நாளெல்லாம் கண்ணாடிச் சட்டத்தில் பொடித் திருகாணி முடுக்குகிற கை, தலையணையில் ஒரு துணிப்பட்டையை மாட்டிப் பழகினால் நாலு தடவையும் கோணலாகவே மாட்டுகிறது. அதற்காக நீ பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம். வலது தோள் என்னுடையது. நீ பின் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினால் போதும்.