உஷ் பாஸ் பூட்டிய ஸ்பீக்கர்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபதுக்கு என் மகளின் போன் அடங்கியது. மூன்று இருபத்தொன்றுக்கு நான் உஷ் பாஸைத் திட்டத் தொடங்கினேன். அவரோடு எனக்குப் பழைய கணக்கும் ஒன்று இருந்தது. பதுளையில் அவரிடம் 'உஷ்' வாங்காத மனிதர் கிடையாது. வங்கி முகாமையாளர், கோயில் ஐயர், போக்குவரத்துப் பொலிஸ்காரர் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். ஒருமுறை மழையைப் பார்த்தே சொன்னாராம். மழை நின்றது என்று சொல்பவர்களும் உண்டு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. லுணுகலைக்குப் போகும் வீதியில், மிளகாய் அரைக்கும் ஆலைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் கார்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுகிறவர். கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்போம்; மேசன் பாஸ், வயரிங் பாஸ் போல இவர் உஷ் பாஸ். வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்போது உலகம் மூச்சுவிடக் கூடாது. வாசலில் அவர் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டால் ஆலைக்கார நானா அரைப்பதை நிறுத்திவிடுவார். மிளகாய்த்தூள் வாங்க வந்தவர்கள் தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பதை நானே கண்டிருக்கிறேன். ஓடும் காரில் வைத்துக் கேட்பது அதைவிடக் கடுமை. ஒருவரின் மாமியார் இருமலை நிறுத்த முடியாமல் போக, அவரை ஹாலிஎல சந்தியில் இறக்கி உட்காரவைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது ஏற்றிக்கொண்டார். அதில் மருமகனுக்குத்தான் வருத்தம் என்பார்கள்.

என் மகள் சுகந்தி நடன ஆசிரியை. லுணுகலைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் வேலை. அங்கே ஒலிபெருக்கி இல்லை. அவள் தன் பழைய காரை மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து, பாட்டைப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பாள். காரோடு வந்த ஸ்பீக்கரில் பாட்டு, டப்பாவுக்குள் மாட்டிய ஈயைப் போலக் கேட்கும். முன் வரிசைக்குத் தாளம் தீபாவளிக்குப் போய்ச் சேர்ந்தால் கடைசி வரிசைக்குப் பொங்கலுக்குத்தான்.

புதுச் செட் போடக் கையில் காசில்லை. எனக்கோ, செட்டே வேண்டாம். பாட்டுச் சத்தத்தில் எதிரே வரும் லொறியின் ஹோர்ன் கேட்காது என்பது என் பயம். அவள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு, மாலையில் சிக்னல் போகும் வளைவுக்கு முன்னால் ஒரு அழைப்பு. அந்த இரண்டு அழைப்புகளுக்கு நடுவில்தான் நான் கந்தோரில் வேலை செய்கிறேன்.

இருந்தாலும் அவளோடு கொட்டகைக்குப் போனேன். அவள் தயங்கித் தயங்கி, கையில் இருப்பது இவ்வளவுதான், திரை வைத்த பழைய செட் ஒன்று கிடைக்குமா என்றாள்.

"செட்டு நல்லாத்தான் இருக்கு பாப்பா. கதவுதான் சலசலங்குது. காசக் கதவுல போடுவோம்."

கதவின் உள்பக்கத்தைக் கழற்றினார். ஒரு சீப்பு, இரண்டு திருகாணி, முந்திய சொந்தக்காரரின் திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் வந்தன. பொட்டலத்தை மட்டும் திரும்ப உள்ளே வைத்தார். அது சத்தம் போடாதாம். கூரைத் தகரம் ஒழுகாமல் இருக்க ஒட்டுகிற தார்ப்பட்டையைக் கதவின் உட்புறம் முழுக்க ஒட்டினார். உடைத்த வேன் ஒன்றின் ஸ்பீக்கர்களை முன்கதவில் வைத்தார். அவை உட்கார வளையம் வேண்டுமே. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை வட்டமாக அறுத்துச் செய்தார். அதே வேனின் சின்ன அம்ப்ளிஃபயர் இருக்கைக்கு அடியில் போனது. பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் பிடுங்கி எறிந்தார். பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டார். நான்தான் உட்காருவேன் என்றேன்.

"உஷ்."

பிறகு மலைப் பாதையில் ஓட்டிப் பார்க்கப் போனோம். முதல் வளைவில், "அக்கா, வளையல்" என்றார். கழற்றிக் கைப்பையில் போட்டேன். இரண்டாவது வளைவில், "அக்கா, மூச்சு" என்றார்.

அவர் கேட்டது பாட்டு அல்ல. பாட்டில் குறை இருந்தால் பாடியவன் தலையில் கட்டிவிடுவார்களாம். பென்டிரைவில் முதலாவதாக அவர் ஏற்றித் தந்தது பெரட்டுத் தப்பு என்ற பறையடி. முன்பெல்லாம் தோட்டத்தில் விடியும்முன் தப்பு அடித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிடுவார்கள். அங்கே பேர் போட்டு வேலைக்குப் பிரித்துவிடுவார்கள்; ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சாவுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி, பெரட்டுக்கு ஒரு அடி. இப்போது சங்குதான் ஊதுகிறது. அவர் தம் தோட்டத்துத் தப்புக்காரரை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அதைக் கேட்டால் மலையில் எந்தக் கிழவரும் பாயைச் சுருட்டிவிடுவார் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். அந்த அடியில் கார்க் கதவு ஒரு சிணுங்கல்கூடச் சிணுங்கவில்லை. இடது கதவு மட்டும் கொஞ்சம் என்று அவருக்குக் குறை. எனக்குக் கேட்கவில்லை. எனக்கு மூச்சு விடவும் அனுமதி இல்லை.

இனி அந்த வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை. மூன்று இருபதுக்கு அவள், "அம்மா, மண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

எத்தனை முறை அழைத்தேன் என்று தெரியாது. கணவர் கொழும்பில். பொலிஸுக்குச் சொன்னேன். வீதி பல இடங்களில் அடைபட்டிருக்கிறது என்றார்கள். பிறகு உஷ் பாஸுக்கு எடுத்தேன். உங்கள் ஸ்பீக்கர்தான், அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைக்கு மண் விழுவது கேட்டிருக்காது என்று வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். என்னை அவர் அடக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த வளைவு அக்கா?" என்றார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். முன்னால் மேட்டு மண் சரிந்து ஒரு மரத்தோடு பாதையில் விழ, சுகந்தி பின்னால் எடுத்திருக்கிறாள். பின்சக்கரம் வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. பின்னால் ஓடை பாதையை மூடிக்கொண்டு பாய்கிறது. மேலே மேடு இன்னும் கட்டி கட்டியாக உதிர்கிறது. பனிமூட்டத்தில் பக்கத்தில் வீடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஹோர்ன் அடித்திருக்கிறாள். அந்த வீதியில் ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் ஹோர்ன் அடிப்பார்கள், யார் வருவார்கள்? அப்போது அவளுக்கு ஒரு யோசனை. கதவுகளைத் திறந்துவிட்டு, பென்டிரைவைச் செருகி, பெரட்டுத் தப்பை முழுச் சத்தத்தில் விட்டாள். இந்தப் புத்தி என்னிடமிருந்து போனதில்லை. நான் அழுதிருப்பேன்.

மேலே, மூட்டத்துக்குள், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒரு லயம் இருந்தது. மாலை நான்கு மணிக்குப் பெரட்டு அடித்தால் என்ன நடக்கும்? வயதானவர்கள் எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். வேலையை விட்டுப் பத்து வருஷமான ஒரு பாட்டி கூடையோடு வந்தார். ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பழக்கத்தில் தலைகளை எண்ணத் தொடங்கியிருக்கிறார். அப்புறம்தான் கார் கண்ணில் பட்டது. கயிற்றைப் போட்டு, ஓடைக்கு மேலே தேயிலைக்குள்ளால் அவளை இழுத்து ஏற்றினார்கள். ஏறி முடித்துப் பத்து நிமிடத்தில் மேடு காரின் மூக்கில் விழுந்தது.

பாட்டி கடைசி வரை நம்பிக்கை விடவில்லையாம்.

"ஏம்மா, இத்தன தூரம் எறங்கி வந்தோமே, அரைப்பேராவது போடுவாங்களா?"

ஐந்து மணிக்குக் கங்காணியின் போனிலிருந்து செய்தி வந்தது. ஆறு மணிக்குத் தோட்டத்து ட்ராக்டர் மாற்றுப் பாதையால் அவளை வீட்டு வாசலில் இறக்கியது. உடம்பெல்லாம் சேறு. கையில் பென்டிரைவ். இப்போதும் கூரையில் மழை விழுந்தால் என் கை போனைத் தேடுகிறது. ஆனால் அந்தப் பென்டிரைவை வருகிறவர்கள் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுகிறேன்.

ஆறே முக்காலுக்கு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. உஷ் பாஸ். மண் மூடிய இடம் வரை போய், அங்கிருந்து லயத்துக்கு ஏறி, பிள்ளை பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டது என்று கேட்டபிறகு திரும்பியிருக்கிறார். முழங்கால் வரை சிவப்பு மண். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, பழக்க தோஷத்தில் மூடிக்கொண்டேன். சுகந்திதான் சிரிக்கப் பார்த்து, நீங்கள் சொன்னது சரி பாஸ், இடது கதவு கொஞ்சம் அதிர்ந்தது என்றாள்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவு கெடக்கட்டும் பாப்பா. நீ பேசு. ஏதாவது பேசிக்கிட்டே இரு. நான் கேக்கணும்."