செழுங்குளத்து வாய்வணக்கம்

ஆற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால் ஒன்று இரண்டு பனைமரங்களைத் தாண்டி, ஒரு மடை வழியாகக் கீழே விழுந்த இடத்தில் செழுங்குளம் என்றொரு நாடு இருந்தது. தேசப்படத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நாட்டின் குடிமக்கள் மீன்கள். கெண்டை, ரோகு, கட்லா, ஜிலேபி என்று பல இனத்தார். எல்லோரும் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைச் செவுளால் எடுத்து மூச்சுவிட்டுப் பிழைப்பவர்கள்.

ஆண்டவர்கள் வேறு. விராலும் தேளிக் கெளுத்தியும்தான் அங்கே ஆளலாம். அவர்களுக்கு மட்டும் உடம்பில் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. தலையை நீருக்கு மேலே நீட்டி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டால் போதும், தண்ணீரில் காற்று இருக்கிறதா இல்லையா என்ற கவலையே அவர்களுக்கு வேண்டியதில்லை. தலையை வெளியே நீட்டத் தெரிந்தவர்களுக்கே உலக அனுபவம் உண்டு, உலக அனுபவம் உள்ளவர்களே ஆளத் தகுந்தவர்கள் என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தை எழுதியவரும் ஒரு விரால்தான்.

இந்தக் கதை நடந்தபோது அரியணையில் இருந்தவர் ஒன்பதாம் கருமுதுகர் என்னும் விரால். முழங்கை நீளம், நல்ல வாட்டசாட்டம். அவருக்கு அமைச்சர் மீசைநாதர் என்ற தேளி. எட்டு மீசை, இரண்டு பக்கமும் விஷமுள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் உண்டு. தேர்தல் இருப்பதால் அது மக்களாட்சி, மன்னர் இருப்பதால் அது மன்னராட்சி. இரண்டில் எது என்று கேட்டவர்களுக்கு இரண்டு ஆட்சியின் தண்டனையும் சேர்த்துக் கிடைத்தது.

தொல்லை மடையில் ஆரம்பித்தது. வாய்க்கால் நீர் மடை வழியாகச் சலசலவென்று விழுந்துகொண்டே இருக்கும். அந்த விழுகிற நீர்தான் குளத்துக்குள் காற்றைக் கலந்துவிடும். குடிமக்கள் அதை அறிவார்கள், மாலையானால் குடும்பத்தோடு மடையடிக்குப் போய் நிற்பார்கள். ஆனால் அந்தச் சத்தம் மன்னரின் மதியத் தூக்கத்தைக் கெடுத்தது. அப்படிச் சொல்லி மடையை அடைக்க முடியாதல்லவா? எனவே, வாய்க்கால் வழியாக அந்நிய மீன்கள் ஊடுருவுகின்றன என்று மீசைநாதர் அறிவித்தார். எல்லைக் காப்புச் சட்டம் வந்தது. நண்டுகளிடம் ஒப்பந்தம் விடப்பட்டு, சேறும் பாசியும் கொண்டு மடை அடைக்கப்பட்டது. ஒப்பந்தம் எடுத்த நண்டு சேற்றைக் குறைத்துப் போட்டதால் ஓர் ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு ஒரு சந்து விடுபட்டுப்போய், அதன் வழியே நீர் கசிந்துகொண்டிருந்தது. செழுங்குள வரலாற்றில் ஊழலால் விளைந்த ஒரே நன்மை அந்தச் சந்துதான்.

மடை அடைபட்டதில் மக்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பவர் வாயில் எதையாவது போட்டால் சத்தம் நின்றுவிடும் என்பது மீசைநாதரின் ஆட்சிக்கலை. குளத்துக் கரையில் ஒரு மனிதர் உண்டு. காலையில் தவிடும் புண்ணாக்கும் கொண்டுவந்து கொட்டுவார். மடைப்பக்கம் எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவரை அரண்மனையார் 'நட்பு நாடு' என்று அழைத்தார்கள். மன்னரே கரையோரம் போய் நான்கு முறை துள்ளினார். மீன்களுக்குப் பசி போலிருக்கிறது என்று அந்த மனிதர் இன்னொரு மூட்டையைப் பிரித்தார். மன்னரின் பயணம் மாபெரும் வெற்றி என்றும், இனி எல்லோருக்கும் இரட்டைத் தீனி என்றும் முரசறையப்பட்டது.

இரட்டைத் தீனியை எந்த வயிறு தாங்கும்? மீந்தது அடியில் போய்ச் சேர்ந்து அழுகியது. அழுகுகிற பண்டம் தண்ணீரிலிருந்த காற்றைத் தின்றது. பாசி பெருகிக் குளம் பச்சைப் பசேலென்று ஆனது. நாடு பசுமையாகிவிட்டது என்று அரண்மனை கொண்டாடியது. அந்தப் பசுமையும் இருட்டினால் காற்றை உறிஞ்சும் சங்கதி. பொழுது விடியும்போது குளத்தில் மூச்சுவிட ஒன்றும் மிச்சமிருக்காது. அடியில் நிற்க முடியாமல் குடிமக்கள் மேலே வந்து, நீரின் விளிம்பில் வாயைப் பிளந்து பிளந்து மூடினார்கள். ஆயிரக்கணக்கான வாய்கள். குழந்தை குட்டிகளின் வாய்கள் உட்பட.

அதிகாலையில் காற்று விழுங்க வந்த மன்னர் இதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"மீசைநாதரே, இவர்கள் ஏன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடுகிறார்கள்?"

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மன்னருக்கு ஒன்றும் தெரியாது, அதை விட்டுவிடலாம். மீசைநாதர் குடியிருப்பதே அடிச்சேற்றில். அங்கே என்ன அழுகுகிறது, எது எதைத் தின்கிறது என்று அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தெரிந்திருந்தும், எட்டு மீசையையும் தாழ்த்திச் சொன்னார்.

"வாழ்த்துகிறார்கள், மகாபிரபு. இரட்டைத் தீனிக்கு நன்றி தெரிவிக்கிறார்கள். தொண்டை தழுதழுத்துப் போனதால் சத்தம் மட்டும் வரவில்லை."

மன்னர் மனம் நெகிழ்ந்தார். அன்றே அதற்கு வாய்வணக்கம் என்று பெயர் சூட்டப்பட்டது. பிறகு எல்லாம் கணக்கு வாத்தியார் போட்டதுபோல ஒழுங்காக நடந்தது. தீனியை இரட்டித்ததால் வாழ்த்து வந்தது. அப்படியானால் மூன்று மடங்காக்கினால்? ஆக்கினார்கள். தண்ணீர் மேலும் கெட்டது, வாய்கள் மேலும் அகலப் பிளந்தன, மன்னர் மேலும் நெகிழ்ந்தார். மூச்சு முட்டுகிறது என்று மனுக் கொடுக்கப்போன கட்லாக்களிடம், 'திணறல்' என்ற சொல் நீக்கப்பட்டுவிட்டது, 'உற்சாகம்' என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அவர்களும் உற்சாகம் தாங்க முடியவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த மனு அரண்மனை வாசலில் ஒட்டப்பட்டது.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. வாக்குச்சீட்டு, பெட்டி என்று எதற்கு வீண்செலவு என்று மீசைநாதர் ஒரு சீர்திருத்தம் செய்தார். விடியற்காலையில் திறந்திருக்கும் ஒவ்வொரு வாயும் மன்னருக்கு விழுந்த ஒரு வாக்கு. மூடியிருக்கும் வாய் எதிர்வாக்கு. எண்ணிப் பார்த்ததில் குளம் முழுக்க மன்னருக்கே. ஒரே ஒரு வாய்தான் மூடியிருந்தது.

அது செவந்தி என்ற ஜிலேபியின் வாய்.

ஜிலேபிப் பெண்களின் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் முட்டையை மணலில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்லர். வாய்க்குள்ளேயே வைத்துக் குஞ்சு பொரிப்பார்கள். பொரித்த பிறகும், குஞ்சுகள் ஓரளவு தேறும்வரை வாய்தான் வீடு. அதுவரை தாய்க்குச் சாப்பாடு கிடையாது. செவந்தி பத்து நாளாகப் பட்டினி. வாய்க்குள் இருநூறு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவு. எல்லோரையும் போல அவளுக்கும்தான் மூச்சு முட்டியது. வாயைப் பிளந்தால் கொஞ்சம் காற்று கிடைக்கும், ஆனால் குஞ்சுகள் வெளியே சிதறும். வெளியே எண்ணிக்கை அதிகாரிகளாக வரிசையாக நின்றவர்கள் விரால்கள். குஞ்சு மீன் என்றால் விராலுக்கு உயிர்.

அவளை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தார்கள். தலைமை நீதிபதியும் மீசைநாதரே. ஒரே ஆள் இரண்டு பதவியையும் வகித்தால் தீர்ப்பு சீக்கிரம் கிடைக்கும் என்று ஏற்பாடு. மன்னரை வாழ்த்தாமல் வாயை மூடியிருந்த குற்றத்துக்கு அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். அவள் என்ன சொல்வாள்? வாயைத் திறந்தால்தானே சொல்ல முடியும். கேள்வி மூன்று முறை கேட்கப்பட்டு, மூன்று முறையும் மௌனம் பதிவு செய்யப்பட்டது.

பக்கத்துப் பாசித் திட்டில் குடியிருந்த காளியப்பன் என்ற ரோகு, கூப்பிடாமலே முன்னால் வந்தான். செதில் எல்லாம் வெளிறிப் போயிருந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அய்யா, அந்தப் புள்ள வாய்க்குள்ள புள்ளைங்க இருக்குதுங்க. இருநூறு உசுரு. அது எப்புடிங்க தொறக்கும்? நாங்க மட்டும் வாழ்த்தவா தொறக்குறோம்? மூச்சு வுட முடியலைங்க. அந்த மடைய ஒரு சாண் தொறந்து வுட்டீங்கன்னா, நாங்க அத்தனை பேரும் வாய மூடிக்கிட்டுச் சும்மா கெடப்போம்."

மீசைநாதர் நிதானமாகத் தீர்ப்பு வாசித்தார்.

"சாட்சியின் கூற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் ஐயமறத் தெளிவாகின்றன. ஒன்று, குற்றவாளி தன் வாய்க்குள் பதிவு செய்யப்படாத இருநூறு நபர்களை மறைத்து வைத்திருக்கிறார். இரண்டு, மடை திறந்தால் வாழ்த்து நின்றுவிடும் என்று சாட்சியே ஒப்புக்கொள்கிறார். ஆகவே மடை திறப்பது தேசத்துரோகம். குற்றவாளி நாளை விடியற்காலை வெற்றிவிழாவில், மன்னர் முன்னிலையில் வாயைத் திறக்க வேண்டும். தவறினால் அதிகாரிகள் திறப்பார்கள்."

அதிகாரிகள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அன்று காலைப் பலகாரம் ஆகியிருக்கவில்லை.

அன்று பகல் முழுக்க வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லையென்றால் பாசி பகலில் தருகிற கொஞ்சக் காற்றையும் தராது. தண்ணீர் கஞ்சிபோல் கனத்தது. மாலையில் காளியப்பன் செவந்தியின் பக்கத்தில் வந்து நின்றான். மடையோரத்தில் நண்டு ஏமாற்றிய சந்து ஒன்று இருப்பதையும், விரலைவிடப் பருமனான எதுவும் அதில் நுழைய முடியாது, நெல்மணி அளவு உள்ளது நுழையும் என்பதையும் சொன்னான். குஞ்சுகள் இன்னும் இரண்டு நாள் வாய்க்குள் இருக்க வேண்டியவை. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் பின்னாலேயே போனாள்.

சந்தின் வாயில் தன் வாயை ஒட்டவைத்து, பத்து நாளில் முதல்முறையாகச் செவந்தி வாயைத் திறந்தாள். கசிந்து வந்த புதுநீர் முகத்தில் பட்டதும் குஞ்சுகள் அதை எதிர்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சில திரும்பித் திரும்பி வாய்க்கே வந்தன. அவற்றை மெல்ல ஊதி அனுப்பினாள். கடைசிக் குஞ்சும் அந்தப் பக்கம் போனபிறகும் அங்கேயே நின்றாள். காளியப்பன் யாரும் வராமல் குறுக்கே வாலை விரித்துக்கொண்டு நின்றான்.

விடிந்தது. வெற்றிவிழாவுக்கு மன்னர் எழுந்தருளினார். அப்படி ஒரு வாய்வணக்கத்தைச் செழுங்குளம் கண்டதில்லை. தலைக்கு மேலே இருந்த காற்றைக் கடித்துத் தின்பதுபோல் ஊரே வாயைப் பிளந்தது. செவந்தியை முன்னால் தள்ளினார்கள். அதிகாரிகள் நெருங்கி வந்தார்கள். அவள் தானே வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"மூச்சு முட்டுதுங்க மகாராசா" என்றாள். "ஒங்களுக்கு முட்டல. அதனாலதான் தெரியல."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"தாமதமாக வாழ்த்தியதற்கு வருந்துகிறாள், மகாபிரபு."

வெற்றி நூறு விழுக்காடு என்று திருத்தி எழுதப்பட்டது. சூரியன் பனைமர உயரம் வருவதற்குள் செழுங்குளத்தின் குடிமக்கள் ஒவ்வொருவராக ஒருக்களித்து, பிறகு மல்லாந்தார்கள். காளியப்பன் போனான். கட்லாக்கள் போனார்கள். செவந்தி போகும்போதும் அவள் தலை மடைப்பக்கம்தான் இருந்தது. நீர் முழுக்க வெள்ளை வயிறுகள். இது என்ன வணக்கம் என்று மன்னர் கேட்டார். வயிறு நிறைந்ததைக் காட்டுகிறார்கள் என்றார் மீசைநாதர். அதையும் மன்னர் நம்பினார்! இத்தனை பிணங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருவரால் நம்ப முடிகிறது என்றால், அந்த ஆளை அறியாதவர் என்று இனி நான் சொல்ல மாட்டேன். முன்பு சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கரையில் வந்து நின்ற மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, உயிரோடு இருப்பவற்றையாவது விற்றுவிடலாம் என்று வலையை இறக்கினார். அரசவை முழுவதும் ஒரே வீச்சில் அகப்பட்டது. நட்பு நாட்டுக்கு அரசுமுறைப் பயணம் என்று மீசைநாதர் அறிவித்தார். கேட்பதற்குத்தான் குடிமக்கள் யாரும் இல்லை.

ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி எல்லோரையும் உள்ளே போட்டார்கள். விரால் துள்ளி வெளியே விழும் என்பதால், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு வலையை இறுக்கிக் கட்டினார்கள். சிறிது நேரத்தில் மன்னர் வழக்கம்போல் ஒரு வாய் காற்று விழுங்க மேலே வந்தார். வலை தடுத்தது. இன்னொரு முறை முட்டினார். நான்கு விரல் உயரத்தில் உலகத்துக் காற்று அத்தனையும் இருந்தது, ஒரு வாய் எட்டவில்லை. ஒன்பதாம் கருமுதுகர் வாழ்க்கையில் முதல்முறையாக வாயைப் பிளந்து பிளந்து மூடினார். பக்கத்தில் மீசைநாதரும் அதையே செய்துகொண்டிருந்தார். இதற்கு என்ன பெயர் என்று மன்னர் கேட்கவில்லை.

சந்தைக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். கையில் கிளாஸோடு ஒருவர் வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, பாருங்கண்ணே" என்றார் வண்டிக்காரரிடம். "நம்மளப் பாத்து எம்புட்டுச் சந்தோசமா வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க."

வண்டிக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று சிரித்தார். அவர் டீயை நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை வாய்வணக்கம் நடந்தது.