மூன்றாவது விசில்

பருப்பு வேக மூன்று விசில் வேண்டும் என்பது ஊரில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சட்டம். என் வீட்டில் மட்டும் இரண்டோடு அடுப்பை அணைத்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் அரைவேக்காட்டுச் சாம்பார்தான் சாப்பிடுகிறார். (பல்லுக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.) ஏதோ ஞாபகத்தில் விட்டு, குக்கர் மூன்றாவது முறையும் ஊதிவிட்டால் போதும், கூடத்திலிருந்து அவர் குரல் வரும்: "சுமதி, அம்மாவைத் தூக்கட்டுமா?" உடனே என் மாமியார், "மொதல்ல சோத்தைப் போடுங்க, அப்பால தூக்கலாம்" என்பார்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்களுக்கு விளக்க வேண்டுமானால் என் அப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்துக்குப் போய் வந்தவர். பட்டாளத்தை விட்டு வந்தபோது இரண்டு மெடல், ஒரு தகரப்பெட்டி, கழுத்தில் ஒரு பித்தளை விசில் ஆகியவற்றோடு எங்கள் ஊரான உறுவையாற்றுக்குத் திரும்பினார். மெடல்கள் பெட்டிக்குள் போயின. விசில் மட்டும் கழுத்திலேயே நின்றுவிட்டது. மற்ற ஊர்களில் மிலிட்டரிக்காரர் என்றால் கேன்டீன் ரம்முக்காகவாவது நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். எங்கள் புதுச்சேரியில் திரும்பின பக்கமெல்லாம் மதுக்கடை. அந்த மரியாதைக்கு வழியே கிடையாது. அதனால் அப்பா வேலை செய்துதான் மரியாதை சம்பாதிக்க வேண்டியிருந்தது. தெருவில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் வண்டி பிடிப்பது அவர்தான். விதவைகளுக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதும் அவர்தான். சொந்தக் கழனியில் நாற்று காய்ந்தாலும் அடுத்தவன் கழனியில் மடை திறந்துவிட்டு வருவார். அம்மா திட்டுவாள். அவருக்குக் காது கேட்காது. (குண்டுச் சத்தத்தில் போன காது என்பார். அம்மா பேசும்போது மட்டும் போகும் காது அது.)

இதெல்லாம் பரவாயில்லை. ஒத்திகைதான் என் மானத்தை வாங்கியது.

மேலே அணையைத் திறந்தால் சங்கராபரணி ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். அதற்காக அப்பா ஒரு திட்டம் போட்டிருந்தார். ஒரு விசில் என்றால், யாரைக் கூப்பிடுகிறாரோ அவர் வர வேண்டும். நீளமாக மூன்று விசில் என்றால், தண்ணீர் வருகிறது. கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் மாடிக்கு ஓட வேண்டும். எந்த மாடி பக்கத்தில் இருக்கிறதோ அந்த மாடி. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்குவதற்கு சேகர், பாபு என்று அண்ணன் தம்பி இருவர். ஊர் அவர்களை நாற்காலிப் படை என்றே கூப்பிட்டது. விசில் ஊதியவர் எல்லாரும் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக வர வேண்டும்.

வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒத்திகை நடக்கும். கல்லூரியில் என்னோடு படித்த டவுன் பெண்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள் பார்த்து அப்பா ஊதித் தொலைத்தார். தெருவே கோழியும் குழந்தையுமாகப் பள்ளிக்கூட மாடிக்கு ஓடியது. தலையில் சீயக்காயோடு என் அம்மாவும் ஓடினாள். அந்தப் பெண்கள் மூன்றாம் வருஷம் வரை என்னைக் 'கர்னல் பொண்ணு' என்றே கூப்பிட்டார்கள். அப்பா வெறும் ஹவில்தார் என்று சொல்லிப் பார்த்தேன்; இன்னும் சிரித்தார்கள்.

ஆகவே பாகூரில் நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்து, வில்லியனூர் மண்டபத்தில் கல்யாணம் என்று முடிவானதும், நான் அம்மாவிடம் ஒரே ஒரு சீர்தான் கேட்டேன்: "அன்னிக்கு ஒருநாள் அப்பா கழுத்துல விசில் இருக்கக் கூடாது." அம்மா சாதித்துவிட்டாள். "கல்யாணத்துல அத ஊதினீங்கன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் பூடுவேன்" என்று மிரட்டிப் பிடுங்கி, என்னிடமே கொடுத்து, "உங்கிட்ட இருந்தாதான் கேக்க மாட்டாரு, வெச்சிக்க" என்றாள். பட்டுப்புடவை மடிப்புக்குள் இடுப்பில் செருகிக்கொண்டேன். என் ஆபத்தை நானே பத்திரமாக மணமேடைக்கு எடுத்துப் போனேன்.

காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. மேடையில் மாப்பிள்ளை, நான், புகை, ஐயர். முன்வரிசையில் சிவப்பு மெத்தை நாற்காலியில், மாப்பிள்ளையின் அம்மா. முட்டிவலிக்காரர், கனத்த உடம்பு, கனத்த நகை. பாகூர் பக்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை என்று கேள்விப்பட்டு ஏற்கெனவே பயந்துபோயிருந்தேன்.

"பொண்ணோட தகப்பனார் வரணும், தாரை வார்க்கணும்" என்றார் ஐயர்.

தகப்பனாரைக் காணோம். நாலு பேர் நாலு பக்கம் தேடப் போனார்கள். போனவர்களையும் காணோம். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. "இன்னாங்க இது, பொண்ணப் பெத்தவருக்குப் பொண்ணு கல்யாணம்னு ஞாபகம் கீதா இல்லையா?" என்று சம்பந்தியம்மா மண்டபம் முழுக்கக் கேட்கும்படிக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்தக் கல்யாணம் நடக்காது, நான் காலமெல்லாம் கர்னல் பொண்ணாகவே இருந்து சாகப்போகிறேன் என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. ஒரு விசில் கொடுத்தால் அப்பா எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாரே!

எடுத்து நீளமாக ஊதினேன். நாதஸ்வரச் சத்தத்தில் அது வாசலைத் தாண்டியிருக்காது. மாலையை விலக்கிக்கொண்டு இன்னும் பலமாக ஊதினேன். வரவில்லை. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து, அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்து, மூன்றாவதாக நீளமாக ஊதினேன்.

என் ஊர் எழுந்தது.

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை நல்ல பயிற்சி. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளினார்கள். சமையல்காரர் அடுப்பை அணைத்தார். எங்கள் தெரு தவில்காரர் தவிலோடு பாய்ந்தார். அட்சதைத் தட்டைக் கீழே போட்டுவிட்டு என் பெரியப்பா ஓடினார். சேகரும் பாபுவும் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர் முன்வரிசையிலேயே இருந்தார்.

"ஐயோ, டேய்! வுடுங்கடா! யார்ரா நீங்க? என் சங்கிலி, என் சங்கிலி!" சம்பந்தியம்மா நாற்காலியோடு ஆகாசத்தில் எழும்பி, மண்டபத்தின் நடுவழியாக, மாடியிலிருந்த சாப்பாட்டுக் கூடத்தை நோக்கிப் போனார். என்னவோ ஏதோ என்று மாப்பிள்ளை வீட்டாரும் பின்னால் ஓடினார்கள்.

கீழே நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "இன்னா ஆச்சி?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பதில் சொல்ல முடியவில்லை, வாயில் விசில் இருந்தது.

அப்பா அதுவரை வாசலில், பாகூரிலிருந்து வந்த வேன் சேற்றில் மாட்டிக்கொண்டதால், பட்டுவேட்டியோடு அதைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசி விசிலும் ஊர் ஓடும் சத்தமும் கேட்டதும் பின்வழியாக மாடிக்கு ஓடி, எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்திருக்கிறார். ஊர் இருக்கிறது, சம்பந்தி வீடு இருக்கிறது, பெண் இல்லை. படிக்கட்டில் அவர் இறங்கி வந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதுவரை அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. என்னையும், என் வாயிலிருந்த விசிலையும் பார்த்தார். முழங்கால் வரை சேறு.

"நீயா ஊதினே? அப்ப சரி" என்றார் மூச்சு வாங்கியபடி. "ஊதினவங்க கடைசியாதான் வரணும்."

மேலே சம்பந்தியம்மா கொதித்துக்கொண்டிருந்தார். "இந்தச் சம்பந்தமே வாணாம். பாகூருக்கு வண்டிய எடுங்கடா. ஊரு முன்னால என்னிய மூட்ட மாதிரி தூக்கினு வந்துட்டானுங்க!" அப்பா அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். நான் பின்னால் மாலையும் கண்ணீருமாக நின்றேன்.

"சம்பந்தியம்மா, யுத்தத்துல ஒரு ஊரக் காலி பண்ணச் சொன்னாங்க. எல்லாரையும் ஆத்துக்கு இந்தாண்ட இட்டாந்துட்டோம். நடக்க முடியாத அம்மா ஒருத்தங்க, நீங்க போங்கப்பா, அப்பால வரேன்னாங்க. நானும் சரின்னு வந்துட்டேன். திரும்பிப் போறதுக்குள்ள…" அப்பா நிறுத்திக்கொண்டார். எனக்கே அதுவரை தெரியாத கதை. "அதான், எங்க ஊருல நடக்க முடியாதவங்களத்தான் மொதல்ல தூக்குவோம். தப்பு எம்பேருலதான். பொண்ணத் தப்பா நெனச்சிக்காதீங்க."

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சேகரையும் பாபுவையும் பார்த்து, "இன்னாடா நின்னுகினு கீறீங்க? நான் ஒண்ணும் நடந்து ஏறல. நடந்து எறங்கவும் மாட்டேன். தூக்குங்க" என்றார்.

நாற்காலியில் அவர் இறங்கி வந்து அமர, முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. வீடியோவில் அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது. வெட்டக் கூடாது என்று சொன்னவர் என் மாமியார்தான்.

அப்பா போய் இரண்டு மழை ஆகிறது. கடைசி வருஷங்களில் பக்கவாதம் வந்து அவருக்கே கால் இழுத்துக்கொண்டது. ஒத்திகையை மட்டும் விடவில்லை. தலை நரைத்த சேகரும் பாபுவும் அவரை நீல நிற நாற்காலியில் தூக்கிப் போவார்கள். மேலிருந்தபடி, "எடது பக்கம் தாழுதுடா!" என்று அதட்டிக்கொண்டே போவார். எனக்கு அந்த அதட்டல் வேண்டும் போலிருக்கிறது. ஒரு காலத்தில் எந்த விசிலைப் பார்த்து வெட்கப்பட்டேனோ, அதை இன்னொரு முறை அவர் ஊதிக் கேட்க மாட்டோமா என்று, குக்கர் முன்னால் நின்றுகொண்டு ஏங்குகிறேன். (சிரிக்காதீர்கள். பருப்பு வேகும்போது அழுகிற ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.)

போன மழைக்கு நானும் என் மாமியாரும் அம்மாவுக்குத் துணையாக உறுவையாற்றில் இருந்தோம். ஒருநாள் காலை கீழ்த்தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சேகர் ஓடி வந்தார். வாசலில் நின்று தயங்கினார். "இனிமே யாரு ஊதறது?" என்றார்.

அப்பாவின் படத்து ஆணியில் மாட்டியிருந்த விசிலை எடுத்தேன். இந்தமுறை தெரிந்தே மூன்று தடவை ஊதினேன். ஊர் எழுந்தது; ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சேகரும் பாபுவும் பழக்கத்தில் நேராக எங்கள் வீட்டுக்குள் ஓடி, நீல நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகுதான் அதில் ஆள் இல்லை என்று பார்த்தார்கள். கீழே வைக்கவும் மனமில்லாமல், தூக்கிக்கொண்டு போகவும் தெரியாமல், தண்ணீரில் அப்படியே நின்றார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் மாமியார்தான் முட்டியைப் பிடித்தபடி மெல்ல எழுந்து போனார். "எறக்குங்கடா" என்றார். இறக்கினார்கள். புடவையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

"அண்ணன் நாற்காலிதான, சும்மாவா போவணும்? தூக்குங்க. எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

தூக்கினார்கள். அம்மா பக்கத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில், மழைக்கு மேலே மாமியாரின் குரல் கேட்டது:

"எடது பக்கம் தாழுதுடா!"

நான் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசியாகப் போனேன்.